ஹிமாச்சல் தொப்பி: பச்சைப் பட்டையா, சிவப்புப் பட்டையா?

மணாலிக்குக் குடும்பத்தோடு போய்வந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மால் ரோட்டில் அப்பாவுக்கு ஒரு தொப்பி வாங்கப் போயிருக்கிறார். கடைக்காரர் “பச்சையா, சிவப்பா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாராம். என்ன சிரிப்பு என்று டாக்ஸி ஓட்டுநரிடம் விசாரித்தால், “பச்சை காங்கிரஸ், சிவப்பு பிஜேபி, அவ்வளவுதான் சார்” என்று பதில் வந்திருக்கிறது. இது நிஜமா? அந்தத் தொப்பி எப்படி அந்த மலை மக்களின் அடையாளமானது? சென்னையில் இருக்கும் அப்பா அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் யாராவது தப்பாக எடுத்துக்கொள்வார்களா? இவ்வளவும் கேட்கிறார்.

சிம்லா பக்கம் சில வருடங்கள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஓட்டுநர் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்தக் கட்சி அர்த்தம் சில பத்தாண்டுகளுக்குள் வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்னால் தொப்பி கட்சியைச் சொல்லவில்லை, ஊரைச் சொன்னது. இவன் எந்தப் பள்ளத்தாக்கு, எந்த ராஜாவின் குடி, எந்த சாமிக்குக் கட்டுப்பட்டவன் என்று தலையைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். ‘ஹிமாச்சல் தொப்பி’ என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் பொருள் அப்போது கிடையாது. இருக்கவும் முடியாது, ஏனென்றால் ஹிமாச்சல் என்ற மாநிலமே அப்போது இல்லை. சுமார் முப்பது மலைச் சிற்றரசுகளைச் சேர்த்து 1948 ஏப்ரல் 15 அன்றுதான் அந்தப் பெயரில் ஒரு நிர்வாகப் பகுதி உண்டாயிற்று. குல்லு, காங்ரா, லாஹௌல்-ஸ்பிதி எல்லாம் பஞ்சாபிலிருந்து பிரிந்து வந்து சேர்ந்தது 1966 நவம்பரில். முழு மாநில அந்தஸ்து 1971 ஜனவரி 25. ஆக, மணாலி இருக்கும் குல்லு மாவட்டமே ‘ஹிமாச்சல்’ ஆகி இன்னும் நூறு வருடம் ஆகவில்லை. தொப்பிக்கு அதைவிட வயது அதிகம்.

சரி, தொப்பிகளுக்கு வருவோம். கடையில் எல்லாவற்றையும் ஒரே கம்பியில் தொங்கவிட்டிருப்பார்கள், அதனால் வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்துப் பாருங்கள். குல்லு தொப்பிக்கு மேல்பாகம் வட்டமாக, தட்டையாக இருக்கும். உடம்பு சாம்பல் அல்லது பழுப்பு நிறக் கம்பளித் துணி. நெற்றிக்கு மேலே வரும் முன்பக்கத்தில் மட்டும் பல வண்ணங்களில் நெய்த ஒரு பட்டை. அதில் கட்டம், வைரம், முக்கோணம் என்று வளைவு இல்லாத வடிவங்கள்தான் இருக்கும். பூ, கொடி, மாங்காய் எல்லாம் வராது. சின்னத் தறியில் ஊடை நூலை நிறம் நிறமாக மாற்றி நெய்யும்போது நேர்கோடும் சாய்கோடும்தான் சுலபமாக விழும், வளைவு விழாது. குல்லு சால்வையின் ஓரத்தில் இருப்பதும் இதே வேலைதான்.

புஷஹரி தொப்பி வேறு. சட்லெஜ் நதிக்கரையில் ராம்பூரைத் தலைநகராகக் கொண்டிருந்த புஷஹர் சமஸ்தானத்தின் தொப்பி அது. வடிவம் ஏறக்குறைய அதேதான், ஆனால் முன்பக்கத்தில் நெய்த பட்டைக்குப் பதிலாக அடர்ந்த பச்சை வெல்வெட். அதற்கும் மேலே, திபெத் எல்லை வரை நீளும் கின்னௌரிலும் இதே பச்சை வெல்வெட்தான். அங்கே ‘தேபாங்’ என்பார்கள். கின்னௌர் 1948 வரை புஷஹர் ராஜாவின் ஆட்சியில்தான் இருந்தது, தனி மாவட்டமானது 1960ல். அதனால் இரண்டுக்கும் ஒரே சாயல் இருப்பதில் ஆச்சரியமில்லை.

இவை தவிர ‘கத்தி’ (Gaddi) என்று ஒரு மேய்ச்சல்காரச் சமூகம், சம்பா மாவட்டத்தில் பர்மௌர் பகுதியைச் சேர்ந்தவர்கள். கோடையில் ஆட்டுமந்தையோடு கணவாய்களைத் தாண்டி லாஹௌல் போவார்கள், குளிர்காலத்தில் காங்ரா பக்கம் இறங்குவார்கள். இடுப்பில் கறுப்புக் கம்பளிக் கயிற்றைச் சுற்றுச் சுற்றாகக் கட்டி, மேலே போடும் அங்கியின் மடிப்புக்குள் புதிதாகப் பிறந்த ஆட்டுக்குட்டியை வைத்துக்கொண்டு நடப்பார்கள். இவர்களுடைய பழைய தொப்பி தட்டையே இல்லை. நடுவில் கூம்பாக எழும்பி நிற்கும். அந்தக் கூம்பு மணிமகேஷ் கைலாச மலையின் சிகரம் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். சிவன் இருக்கும் மலையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடு மேய்க்கிறார்கள் என்றால் அதற்கு மேல் அடையாளத்துக்கு என்ன வேண்டும்? ஆனால் இன்று அந்தக் கூம்புத் தொப்பியைத் திருவிழாவிலும் நடன மேடையிலும்தான் பார்க்க முடிகிறது. கத்தி இளைஞர்கள் பலரும் கடையில் விற்கும் வட்டத் தொப்பிக்கு மாறிவிட்டார்கள். மாநிலத்துக்கு ஒரு பொதுத் தொப்பி கிடைத்தபோது இப்படிச் சில உள்ளூர்த் தொப்பிகள் ஓரமாக ஒதுங்கின. இதை யாரும் அதிகம் பேசுவதில்லை.

குளிருக்காகப் போடுவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கும் குளிர்ப் பிரதேசத்துக் கம்பளி பற்றி மரியாதை உண்டு, ஆனால் குல்லு தொப்பி காதை மூடாது. பனி கொட்டும் நாளில் அங்கே இருப்பவர்கள் தொப்பிக்கு மேல் மஃப்ளரையும் சுற்றிக்கொள்வார்கள். குளிருக்கு மட்டும் என்றால் காதை மூடுகிற மாதிரி தைத்துக்கொண்டு போயிருப்பார்கள். கோடைகாலத்தில் ஆப்பிள் தோட்டத்தில் வேலை செய்யும் பெரியவரும் தொப்பியோடுதான் இருப்பார். காரணம் மரியாதை. பெரியவர்கள் முன்னால், சாமி முன்னால், சபையில் வெறும் தலையோடு நிற்பது சரியில்லை என்ற எண்ணம்.

இது நமக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் படும். கின்னௌரின் சாங்லா பள்ளத்தாக்கில் கம்ரு என்று ஒரு கிராமம் இருக்கிறது. புஷஹர் ராஜ வம்சத்தின் ஆதி இருப்பிடம். அவர்களுக்குப் பட்டம் சூட்டும் சடங்கு அங்கேதான் நடந்திருக்கிறது. கல்லும் மரமும் மாற்றி மாற்றி அடுக்கிக் கட்டிய பழைய கோட்டை, அதோடு காமாக்யா தேவி. வாசலில் செருப்பைக் கழற்றியதும் உங்கள் தலையில் ஒரு பச்சைப் பட்டைத் தொப்பியை வைத்து, இடுப்பில் ஒரு கச்சையைக் கட்டிவிட்டால்தான் உள்ளே விடுவார்கள். இந்த இரண்டும் இல்லாமல் யாருக்கும் அனுமதி கிடையாது. சராஹன் பீமாகாளி கோயிலிலும் இப்படித்தான், தலை மூடாமல் வந்தவர்களுக்கு வாசலிலேயே தொப்பி தருவார்கள். நம் ஊரில் கோயில் வாசலில் தலைப்பாகையை அவிழ்த்து அதே துண்டை இடுப்பில் கட்டுவோம். இடுப்பில் கட்டுவது இரண்டு ஊரிலும் ஒன்று, தலை மட்டும் நேரெதிர். தெரியாமல் பணிவாகத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்ட தமிழ்ப் பயணிகளைப் பூசாரி அதட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பக்கம், தொப்பி தலையில் இல்லாமல் போவதற்கும் அர்த்தம் உண்டு. குல்லுவில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு தேவதை, அந்தத் தேவதைக்குப் பல்லக்கு, அந்தப் பல்லக்கோடு ‘குர்’ என்று ஒருவர். நம் சாமியாடி மாதிரிதான். முடியை நீளமாக வளர்த்துத் தொப்பிக்குள் முடிந்து வைத்திருப்பார். அருள் வரும்போது தொப்பி கழன்று விழும், முடி அவிழும். அதுவரைக்கும் ஊரில் ஒரு ஆள். தொப்பி விழுந்த பிறகு பேசுவது தேவதை. மழை எப்போது, பஞ்சாயத்துத் தகராறுக்கு என்ன தீர்வு என்று கேட்பவர்கள் அந்த நேரத்துக்காகக் காத்திருப்பார்கள். மற்ற இடங்களில் முடிகிற விஜயதசமி அன்று தொடங்குவது குல்லு தசரா. நூற்றுக்கணக்கான பல்லக்குகள் தால்பூர் மைதானத்துக்கு வந்து சேரும். எந்தப் பல்லக்கோடு எந்த ஊர்க் கூட்டம் வந்திருக்கிறது என்று அறியத் தலைகளைப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

தொப்பியில் செருகுவதும் முக்கியம். அந்தக் காலத்தில் வசதியான வீட்டு ஆண்கள் மோனால் பறவையின் கொண்டை இறகைச் செருகிக்கொள்வார்கள், ‘கல்கி’ என்று பெயர். ஆண் மோனாலுக்கு மட்டுமே உச்சந்தலையில் பச்சையாக மினுங்கும் அந்தக் கொண்டை உண்டு. அதாவது ஒரு கல்கிக்கு ஒரு பறவை சாக வேண்டும். கல்யாணத்தில், திருவிழாவில் கல்கி வைத்தவர் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பார். 1972 வனவிலங்குச் சட்டம் மோனாலை முதல் அட்டவணையில் வைத்ததும் வேட்டை குற்றமாயிற்று. பழைய கல்கி இருக்கிற வீடுகளில் அதைத் தாத்தாவின் சொத்தாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள், புதிதாகச் சேர்க்க வழியில்லை. (அந்த மோனால்தான் 2007 வரை ஹிமாச்சலின் மாநிலப் பறவை. பிறகு ஜுஜுரானா என்கிற இன்னொரு மலைக்கோழிக்கு அந்தப் பதவி போய்விட்டது.) சுற்றுலாக் கடையில் இறகு செருகிய தொப்பியைக் காட்டி “அசல் மோனால்” என்று யாராவது சொன்னால், வாங்காமல் நகர்ந்துவிடுங்கள். அசல் என்றால் சட்டவிரோதம், அசல் இல்லையென்றால் ஏமாற்று.

கின்னௌரில் இறகைவிடப் பூ. செப்டம்பர் வாக்கில் ‘உக்யாங்’ அல்லது ‘புலாயிச்’ என்கிற பூத் திருவிழா நடக்கும். ஆட்கள் மலைமுகட்டுக்கு ஏறிப் போய் அங்கே மட்டும் பூக்கும் பூக்களைப் பறித்துவந்து தேவதைக்குச் சாத்துவார்கள். அதே பூக்கள் அப்புறம் தொப்பிகளில் ஏறும். வருடம் முழுக்க வைத்துக்கொள்ள ஒரு வெள்ளைக் கொத்தும் உண்டு. பார்த்தால் காகிதப் பூ என்று தோன்றும். கிட்டத்தில் பார்த்தால் அது பூவே அல்ல, ஒரு மரத்தின் விதை. வாள் போல நீண்ட காய்க்குள் அடுக்கடுக்காக இருக்கும் தட்டை விதைகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய இறகு. அவற்றைச் சேர்த்துக் கட்டினால் பூங்கொத்தாகிவிடும். ஆயுர்வேதத்தின் தசமூலத்தில் சியோனாகம் என்று வருமே, அந்த மரம்தான். கின்னௌர் உயரத்தில் அது வளராது. கீழ் மலையிலிருந்து வருகிறது. மேல் மலைக்காரர்களின் தலை அலங்காரம் கீழ் மலையிலிருந்து வருகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இனி அந்தப் பச்சை, சிவப்பு. வீரபத்ர சிங் சராஹனில் 1934ல் பிறந்தவர், புஷஹர் ராஜ குடும்பம். 1983ல் முதல் முறை முதலமைச்சர், மொத்தம் ஆறு முறை. மேல் மலை மக்களில் பலருக்கு அவர் கடைசி வரை ‘ராஜா சாஹிப்’தான். அவர் போட்டது அவர் ஊர்த் தொப்பி, பச்சைப் பட்டை. அதில் திட்டமிட்ட அரசியல் எதுவும் ஆரம்பத்தில் இருந்திருக்க வேண்டியதில்லை. நம் ஊர் அரசியல்வாதி தன் ஊர் வேட்டியைக் கட்டுகிற மாதிரிதான். ஆனால் ஒரே ஆள் இத்தனை வருடம் ஒரே நிறத்தில் மேடை ஏறினால், ஆதரவாளர்களும் அதையே போட ஆரம்பிப்பார்கள். பச்சை காங்கிரஸாகிவிட்டது.

எதிர்முகாமில் பிரேம் குமார் தூமல். ஹமீர்பூர்க்காரர், கீழ் மலை. 1998லும் 2007லும் முதலமைச்சரானார். அவரும் அவர் கட்சியினரும் அரக்குச் சிவப்புப் பட்டைத் தொப்பியைப் பிடித்துக்கொண்டார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காங்ரா, ஹமீர்பூர் பக்கம் பழைய தலைமுறைப் பெரியவர்கள் பலரும் கட்டியது தலைப்பாகை. வட்டத் தொப்பி அவர்களுக்கு மேல் மலையிலிருந்து வந்த பொருள். அதாவது மேல் மலை ஆதிக்கத்துக்கு எதிராகக் கீழ் மலை எடுத்த அடையாளமே மேல் மலையின் தொப்பிதான், பட்டையின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டார்கள்.

இதற்குப் பின்னால் வெறும் கட்சிச் சண்டை மட்டும் இல்லை. 1948ல் சேர்ந்த பகுதிகளைப் ‘பழைய ஹிமாச்சல்’ என்றும் 1966ல் பஞ்சாபிலிருந்து வந்தவற்றைப் ‘புதிய ஹிமாச்சல்’ என்றும் சொல்வது அங்கே சாதாரணப் பேச்சு. ஆப்பிள் விளையும் பக்கம், விளையாத பக்கம். அரசு வேலை யாருக்கு அதிகம், சாலை யாருக்கு முதலில் என்கிற புகார்கள். இரண்டு தொப்பிகளும் அந்தப் பிளவின் மேல் உட்கார்ந்தன. ஆட்சி மாறினால் அரசு விழாவில் விருந்தினர் தலையில் ஏறும் தொப்பியின் நிறமும் மாறும் என்கிற அளவுக்குப் போயிற்று. அதிகாரிகள் இரண்டு நிறமும் வீட்டில் வைத்திருப்பார்கள் என்று சிம்லாவில் கேலி பேசுவார்கள். 2017 டிசம்பரில் முதலமைச்சரான ஜெய்ராம் தாக்கூர் மண்டி மாவட்டக்காரர், பிஜேபி. இந்தத் தொப்பி அரசியலை விட்டுவிடுவோம் என்று அவரே சொன்னார், இரண்டு நிறத்தையும் போட்டுக்கொண்டார். வீரபத்ர சிங் 2021ல் காலமான பிறகு பச்சைக்கும் அந்தப் பழைய வேகம் இல்லை. உங்கள் கடைக்காரர் சிரித்தது இந்தப் பழைய கேலியின் மிச்சம்.

பல வண்ணப் பட்டை வைத்த குல்லு தொப்பி இந்தச் சண்டையில் மாட்டாமல் தப்பித்தது. அதற்கு வேறு கதை. குல்லுவில் முதலில் நெய்தது கோலம் எதுவும் இல்லாத கம்பளிதான். 1940களின் தொடக்கத்தில் புஷஹர் பக்கத்திலிருந்து நெசவாளர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் அந்த வண்ண வடிவங்கள் அங்கே பெருகின. இன்று ‘குல்லு டிசைன்’ என்று உலகத்துக்கே தெரிந்த வடிவங்கள் சட்லெஜ் பக்கத்துக் கைகளிடமிருந்து வந்தவை. 1942ல் பம்பாய் டாக்கீஸ் நடிகை தேவிகா ராணி குல்லு வந்தபோது, ஷேரு ராம் என்ற நெசவாளர் அவருக்காக நகரத்துப் பெண்கள் போர்த்தும் அளவில் ஒரு சால்வை நெய்து கொடுத்தார். இன்றைய குல்லு சால்வை அங்கேதான் தொடங்கியது என்பார்கள். (தேவிகா ராணி பிற்பாடு நக்கரில் வாழ்ந்த ரஷ்ய ஓவியர் குடும்பத்து மருமகளானார்.) 1944ல் நெசவாளர்கள் சேர்ந்து அமைத்த புட்டிக்கோ கூட்டுறவுச் சங்கம் அந்த வேலையைத் தொழிலாக நிறுத்தியது. தொப்பியின் முன்பட்டையும் அதே தறிச் சூழலில்தான் வளர்ந்தது. ‘காலங்காலமாக மாறாத பாரம்பரியம்’ என்று பயணக் கையேடுகள் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும். மாறிக்கொண்டே வந்ததால்தான் அது இன்றைக்கும் தலையில் இருக்கிறது.

தறியில் உட்கார்ந்தவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கின்னௌரில் நெசவு பெரும்பாலும் பட்டியல் சாதியினரின் கைவேலையாக இருந்தது. குல்லுவில் தேவதைப் பல்லக்குக்கு முன்னால் மேளமும் கொம்பும் வாசிப்பவர்களும் பெரும்பாலும் அவர்களே. மேடையில் அந்தத் தொப்பி எல்லோருடைய பெருமையாகவும் காட்டப்படுகிறது. கோயில் வாசலில் இன்றும் பல கிராமங்களில் அப்படி இல்லை.

பெண்கள்? குல்லு, சிம்லா, மண்டி, சிர்மௌர் பக்கம் பெண்கள் தலையில் ‘தாட்டூ’ என்கிற துணியை முக்கோணமாக மடித்துப் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள். வயலில் வேலை செய்யும்போது, புல் கட்டு சுமக்கும்போது, விருந்தில், எங்கும் அதுதான். கின்னௌரில் மட்டும் ஆணும் பெண்ணும் ஒரே தேபாங். கனத்த வெள்ளி நகை, கம்பளிச் சேலை மாதிரி சுற்றும் தோரு, அதற்கு மேல் அதே பச்சை வெல்வெட் தொப்பி, அதில் அந்த வெள்ளைக் கொத்து. கின்னௌர்ப் பெண்ணைப் பார்த்தவர்கள் அந்தக் கோலத்தை மறக்க மாட்டார்கள். தாட்டூவுக்குத் தொப்பிக்குக் கிடைத்த கௌரவம் கிடைக்கவே இல்லை. எந்த மந்திரியும் விருந்தினருக்குத் தாட்டூ கட்டி வரவேற்பதில்லை. மாநிலத்தின் அடையாளம் எது என்று முடிவு செய்த மேடைகளில் ஆண்களே இருந்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து மலைகளில் என்ன ஆயிற்று என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். நேபாளத்தில் ‘டாக்கா டோப்பி’ என்று ஒன்று உண்டு. பல்பா பக்கம் நெய்யும் வண்ணக் கட்டத் துணியில் தைத்தது, மேலே ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்து நிற்கும். மன்னர் மகேந்திரா காலத்தில் ‘ஒரே மன்னர், ஒரே உடை, ஒரே மொழி’ என்கிற கொள்கை வந்தது. அரசு ஆவணங்களுக்குப் படம் எடுக்க வேண்டுமென்றால் இந்தத் தொப்பி தலையில் இருக்க வேண்டும். மலைக்காரர்களுக்கு அது பழகிய பொருள். தெற்கே சமவெளியில் வேட்டி கட்டும் மாதேசிகளுக்கு அது அடுத்தவன் தொப்பி. 2008ல் மன்னராட்சி போனது. அந்த வருடமே துணைக் குடியரசுத் தலைவராகப் பரமானந்த ஜா வேட்டி குர்தாவில் வந்து ஹிந்தியில் பதவிப் பிரமாணம் எடுத்தார். காட்மாண்டு கொதித்தது. அதே 2008 அக்டோபரில், எல்லைக்கு இந்தப் பக்கம் டார்ஜிலிங்கில், கூர்க்காலாந்து என்ற தனி மாநிலம் கேட்டுப் போராடிய கட்சி எல்லோரும் பாரம்பரிய உடையில்தான் வர வேண்டும் என்று கட்டளை போட்டது. வங்காளத்துக்குள் நாங்கள் வேறு என்று காட்ட அதே வகை மலைத் தொப்பி. ஓரிடத்தில் பெரும்பான்மையின் அதிகாரம், பக்கத்தில் சிறுபான்மையின் கோரிக்கை. இரண்டிலும் கட்டளை இருந்தது என்பது எனக்கு உறுத்தும். ஹிமாச்சலில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கிண்டலோடு நின்றது.

உத்தராகண்ட் இன்னும் சமீபம். 2022 குடியரசு தினத்தன்று பிரதமர் மோடி பிரம்மகமலம் பொறித்த ஒரு தொப்பியில் வந்தார். மறுநாளே ‘உத்தராகண்டின் பாரம்பரியத் தொப்பி’ என்று எங்கும் பேச்சு, கடைகளில் தேவை கூடிவிட்டது. ஆனால் பித்தளைப் பூவும் வண்ணப் பட்டையும் வைத்த அந்த வடிவம் முசோரியில் சில வருடங்களுக்கு முன்புதான் உருவானது. கட்வால், குமாவூன் பெரியவர்கள் போட்டது அலங்காரம் இல்லாத கறுப்புத் தொப்பி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. 2000ல் பிறந்த மாநிலத்துக்குத் தனக்கென்று ஒரு தொப்பி வேண்டும் என்ற ஆசை இருந்தது, ஹிமாச்சல்காரர்களிடம் இருப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது கல்யாணங்களில் அதை மலைக்காரர்களே விரும்பிப் போடுகிறார்கள். இரண்டு தலைமுறை போனால் அதுவும் பழசாகிவிடும்.

கடைசியாக, உங்கள் அப்பா விஷயம். தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். வெளியூர்க்காரன் போட்டால் அவமரியாதை என்ற எண்ணம் அங்கே இல்லை, சந்தோஷம்தான் படுவார்கள். விருந்தினர் தலையில் தொப்பி வைத்துத் தோளில் சால்வை போடுவதே அவர்கள் வழக்கம். கல்யாணத்தில் இரு வீட்டாரும் சந்திக்கும்போதும் தொப்பி வைத்துத்தான் கௌரவிப்பார்கள். பச்சையோ சிவப்போ, சென்னையில் யாருக்கும் எந்தக் கட்சியும் நினைவுக்கு வராது. சிம்லாவுக்கே போட்டுக்கொண்டு போனாலும் இப்போது பெரிதாக ஒன்றுமில்லை, யாராவது ஒரு கிழவர் கண்ணடிப்பார். அந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் பல வண்ண குல்லு பட்டை வாங்குங்கள்.

வாங்கும்போது ஒரு சோதனை. மால் ரோட்டில் விற்பதில் நிறைய அக்ரிலிக். பஞ்சாப் விசைத்தறியில் ஓடி வந்த சால்வையைக் குல்லு சால்வை என்று விற்கும் புகார் பல வருடமாக இருக்கிறது, அதற்குப் புவிசார் குறியீடு வாங்கியும் முழுதாக நிற்கவில்லை; தொப்பியும் அதே வழிதான். உள் ஓரத்தில் நீட்டியிருக்கும் ஒரு இழையைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகிய நாற்றம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். கடைக்காரர் இதற்கு முகம் சுளித்தால் அதுவே பதில். தலை அளவையும் முன்னாலேயே அளந்துகொண்டு போங்கள், நெற்றியின் நடுவிலிருந்து காதுக்கு மேலே சுற்றி இஞ்சில். மேல்பாகம் விறைப்பாக இருப்பதால் இது இழுத்தால் நீளாது, சின்னதாக வாங்கினால் உச்சியில் உட்கார்ந்திருக்குமே தவிர இறங்காது. துவைக்கும் இயந்திரத்தில் போடாதீர்கள், விறைப்பு போய்விடும். பிரஷ்ஷால் தூசி தட்டி நிழலில் வைத்தால் போதும்.